பாட்டியின் படம் ஏன் உடைகிறது?

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பதாகை அடிக்கவோ, மகளின் திருமண அழைப்பிதழில் மறைந்த தாத்தாவின் படத்தைச் சேர்க்கவோ, நாளிதழில் நினைவஞ்சலி போடவோ பட்டணத்து அச்சகத்துக்குப் போய் வந்தவர்களா நீங்கள்? அப்படியானால் ஒரு பேச்சு உங்கள் காதுக்குப் பழக்கப்பட்டதாகத்தான் இருக்கும். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி, நீங்கள் கைப்பேசியில் அனுப்பிய படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார்.

"அண்ணே, இதப் பெரிசு பண்ணா உடைஞ்சிரும். வேற படம் இல்லையா?"

"என்ன தம்பி, இவ்வளவு தெளிவாத் தெரியுதே!" என்று நீங்கள் கைப்பேசியை நீட்டுவீர்கள்.

நீங்கள் சொல்வதும் உண்மை, அவர் சொல்வதும் உண்மை. உள்ளங்கை அகலத் திரையில் தெளிவாக இருக்கும் படம், பத்தடித் துணியில் ஏன் கட்டம் கட்டமாகப் பிரிந்து போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இது அச்சுத் தொழில் செய்பவர்களின் விஷயம், நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் ஆயுளில் எடுத்துக்கொண்டதே ஒன்றிரண்டு படங்கள்தாம். அதுவும் அடையாள அட்டைக்காகப் பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போய், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்ததாக இருக்கும். அந்த ஸ்டூடியோ இன்று இருக்காது. பல இடங்களில் அந்தத் தோட்டமே இல்லை. மரங்களைச் சாய்த்து வீடமைப்புப் பகுதியாக்கிவிட்டார்கள். எஞ்சியிருக்கும் அந்த ஒரு படமும் இப்போது கைப்பேசிக்குள் வந்து, உறவுக்காரர்களிடையே கைமாறிக் கைமாறித் தேய்ந்துகொண்டிருக்கிறது. எங்கே தேய்கிறது, எப்படித் தேய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதைத் தடுத்துவிடலாம்.

அரிசிக் கோலமும் புள்ளிக் கோலமும்

தீபாவளி சமயத்தில் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் பெரிய மயில் கோலம் போட்டிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். தள்ளி நின்று பார்த்தால் தோகை விரித்த மயில். குனிந்து பார்த்தால் பச்சை அரிசி, நீல அரிசி, மஞ்சள் அரிசி, அவ்வளவுதான். கைப்பேசியில் நாம் எடுக்கும் நிழற்படம் ஒவ்வொன்றும் இப்படி ஓர் அரிசிக் கோலந்தான். அரிசிக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு சதுரப் புள்ளிகள் இருக்கும். அவற்றைப் பிக்சல் என்பார்கள். இத்தனையாவது வரிசையில், இத்தனையாவது இடத்தில், இன்ன நிறம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கணக்கு அந்தக் கோப்புக்குள் இருக்கும்.

சரி, அந்த மயில் கோலத்தை ஓர் அரிசிகூட அதிகம் சேர்க்காமல் பள்ளித் திடல் அளவுக்குப் பெரிதாக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? ஒவ்வோர் அரிசியையும் தேங்காய் அளவுக்கு ஊத வேண்டியதுதான். அப்போது மயில் தெரியாது, தேங்காய்தான் தெரியும். அச்சகத்துத் தம்பி "உடையும்" என்று சொல்வது இதைத்தான்.

வீட்டு வாசலில் அம்மா போடும் புள்ளிக் கோலம் வேறு மாதிரி. ஏழு புள்ளி, ஏழு வரிசை; முதல் புள்ளியைச் சுற்றி வளைத்து அடுத்த வரிசைக்கு இறக்க வேண்டும் என்று அம்மாவின் மனத்தில் இருப்பது கோலம் போடும் முறை. அந்த முறை தெரிந்தவர் அதை உள்ளங்கை அளவிலும் போடலாம், கோயில் மண்டபம் நிறையவும் போடலாம். கோடு எங்கேயும் பிசிறாது. கணினியில் இப்படி முறையாகவே எழுதி வைக்கும் படங்களும் உண்டு. அவற்றுக்கு வெக்டர் என்று பெயர். நாம் கோட்டுப் படம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வளைவுக் கணக்கு பிறந்த இடத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பிரான்சு நாட்டில் கார் செய்யும் தொழிற்சாலைகளில்தான் அது பிறந்தது. சித்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தெல்ஜோ என்பவர் 1959-இலும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியே என்பவர் 1960-களிலும், காரின் உடல் வளைவை எண்களால் எழுத வழி கண்டார்கள். இன்று கணினியில் நாம் காணும் 'ழ'கரத்தின் சுழிகூட அதே வகைக் கணக்கினால் வரைந்ததுதான். நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் எழுத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் கடுகளவாகவும் பதாகையில் ஆளுயரமாகவும் அதே எழுத்து பிசிறில்லாமல் நிற்பதற்கு, அது புள்ளிக் குவியலாக இல்லாமல் வளைவுகளாக இருப்பதுதான் காரணம்.

ஆகவே முகம், மலை, கூட்டம், தேர் என்று கண்ணால் கண்டு பிடித்த படமெல்லாம் அரிசிக் கோலம். கோயில் சின்னம், பள்ளிச் சின்னம், கால்பந்துக் குழுவின் முத்திரை போன்ற வரைந்த உருவங்கள் கோட்டுப் படமாக இருக்க வேண்டியவை. நம்மிடம் நடக்கும் குளறுபடிகளில் பாதி, இரண்டாவது வகையை முதல் வகையாக வைத்திருப்பதால் வருபவை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பாட்டியின் முகத்தைக் கவனிப்போம்.

கணினி கண்ட முதல் முகம்

ஒரு நிழற்படத்தை முதன்முதலில் புள்ளிகளாக்கிக் கணினிக்குள் ஏற்றியவர் ரசல் கெர்ஷ் என்ற அமெரிக்கர். 1957-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கத்தின் தர அளவை நிலையத்தில் வேலை பார்த்து வந்தார். எந்தப் படத்தை ஏற்றலாம் என்ற கேள்வி வந்தபோது அவர் எடுத்தது, மூன்று மாதக் குழந்தையாக இருந்த தம் மகன் வால்டனின் படத்தை. குறுக்கே 176 புள்ளி, நெடுக்கே 176 புள்ளி; பெருக்கினால் 30,976. அவ்வளவுதான் மொத்தப் படமும். இன்று சாதாரணக் கைப்பேசி குறுக்கே 4,000, நெடுக்கே 3,000 என்று ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகளை ஒரே சொடுக்கில் எடுக்கிறது. புள்ளிகளைச் சதுரமாக வைத்தது தவறு என்று கெர்ஷ் பிற்காலத்தில் வருந்தினார். உலகம் கேட்கவில்லை, இன்றும் சதுரந்தான்.

எத்தனை புள்ளி வேண்டும்?

அச்சுத் தொழிலில் ஒரு பழைய அளவு உண்டு. கையில் பிடித்துப் பார்க்கும் அழைப்பிதழ், நினைவு மலர், சட்டமிட்ட படம் ஆகியவற்றுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அதற்குக் குறைந்தால் கண் கண்டுபிடித்துவிடும். பதாகைக்கு இது பொருந்தாது. அதை யாரும் மூக்கு உரசப் பார்ப்பதில்லை. சாலைக்கு அப்பாலிருந்துதான் பார்க்கிறோம். அங்கே அங்குலத்துக்கு 75, 100 இருந்தாலே நன்றாக வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் பாட்டியின் படத்துக்குப் போட்டுப் பார்ப்போம். அடையாள அட்டைக்கான படம் 35 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். அதை ஸ்கேன் இயந்திரத்தில் அங்குலத்துக்கு 300 என்று வைத்து எடுத்தால் குறுக்கே சுமார் 413 புள்ளி, நெடுக்கே 591 புள்ளி கிடைக்கும். அதே அளவில் திரும்ப அச்சடித்தால் அருமையாக வரும். ஆனால் நமக்கு வேண்டியது சுவரில் மாட்டும் ஏ4 அளவு. ஏ4 தாள் அந்தச் சிறு படத்தைப்போல் ஆறு மடங்கு அகலம். 413 புள்ளியை அவ்வளவு தூரம் இழுத்தால் அங்குலத்துக்கு 50 புள்ளிதான் தேறும். பாட்டியின் கண் இருக்கும் இடத்தில் நாலைந்து கறுப்புச் சதுரங்கள் நிற்கும்.

அதே படத்தை அங்குலத்துக்கு 1,200 என்று வைத்து எடுத்துப் பாருங்கள். குறுக்கே சுமார் 1,650 புள்ளி. ஏ4 அளவுக்கு இழுத்தாலும் அங்குலத்துக்கு 200 வரும். முழு முந்நூறு இல்லைதான். ஆனால் கூடத்துச் சுவரில் மாட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இயந்திரம் ஒன்றே, படம் ஒன்றே. தட்டிய எண்தான் வேறு. கடையில் ஸ்கேன் எடுக்கக் கொடுக்கும்போது வாய் திறந்து கேளுங்கள்: "தம்பி, ஆயிரத்து இருநூறில் எடுங்கள்." சிறு படத்துக்குத்தான் இந்த எண். பெரிய குடும்பப் படமாக இருந்தால் 600 தாராளம். ஆயிரத்து இருநூறுக்கு மேலே போவதில் பெரும்பாலும் பயன் இல்லை. தாளிலேயே இல்லாத நுணுக்கத்தை இயந்திரம் எங்கிருந்து கொண்டுவரும்?

கிராணியார் எழுதும் கணக்கு

புள்ளி போதுமான அளவு இருந்தாலும் படம் கெடலாம். அங்கேதான் கோப்பின் வகை வருகிறது. ஜேபெக், பி.என்.ஜி., டிஃப் என்று படத்தின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வால்களைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் பெயர்கள் அல்ல. புள்ளிக் கணக்கை எப்படி எழுதி வைத்திருக்கிறது என்பதைச் சொல்பவை.

ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண். ஒன்றுவிடாமல் எழுதினால் ஒரு படத்துக்கு மூன்று கோடியே அறுபது லட்சம் எண், அதாவது 36 மெகாபைட் ஆகும். கைப்பேசி சீக்கிரமே நிரம்பிவிடும். ஆகவே சுருக்கி எழுத வேண்டும். சுருக்குவதில் இரண்டு வழி.

பெரட்டில் பேர் பதியும் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். 'ஒன்றாம் தேதி வந்தார், இரண்டாம் தேதி வந்தார்' என்று எழுதிக்கொண்டே போகாமல், 'ஒன்று முதல் பதினான்கு வரை வந்தார், பதினைந்து வரவில்லை, பதினாறு முதல் இருபத்தேழு வரை வந்தார்' என்று எழுதலாம். எழுத்து குறைந்தது, ஆனால் ஒரு நாள்கூடத் தொலையவில்லை. எப்போது வேண்டுமானாலும் முழுக் கணக்கையும் விரித்துக்கொள்ளலாம். பி.என்.ஜி. வகை இந்த நேர்மையான சுருக்கத்தைச் செய்கிறது. டிஃப் வகையில் சுருக்காமலும் வைக்கலாம், இதுபோலச் சுருக்கியும் வைக்கலாம். அச்சு உலகத்தில் 1986 முதல் புழங்கும் வகை அது. இவற்றில் கோப்பு பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

இன்னொரு வழி நம்மவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. 12 கிலோ 300 கிராம் பாலை நிறுத்துவிட்டு 12 என்று எழுதுவது! கணக்கு சுருங்கிவிட்டது, முந்நூறு கிராம் போன இடம் தெரியாது. திரும்ப வராது. ஜேபெக் செய்வது இந்தக் கணக்குதான். ஆனால் அது கண்டபடி தள்ளுவதில்லை. எதைத் தள்ளினால் கண்ணுக்குத் தெரியாதோ அதைப் பார்த்துத் தள்ளுகிறது. நம் கண் வெளிச்சத்தில் உண்டாகும் மாறுதலைச் சட்டென்று பிடிக்கும். நிறத்தில் உண்டாகும் நுண்ணிய மாறுதலை அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே நிற விவரத்தில் பெரும்பகுதியை முதலிலேயே குறைத்துவிடுகிறது. பிறகு படத்தை எட்டுக்கு எட்டு, 64 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் சாயலை வைத்துக்கொண்டு, பொடிப்பொடியான நுணுக்கத்தைப் பக்கத்து எண்ணுக்குத் தள்ளிவிடுகிறது. 36 மெகாபைட் படம் மூன்று நான்கு மெகாபைட்டுக்குள் அடங்குவது இப்படித்தான்.

இதற்கு அடிப்படையான கணிதத்தைத் தந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அவர், 1972-இல் இந்த ஆராய்ச்சிக்குப் பண உதவி கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. அதற்காக விட்டுவிடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். அதன்மேல் கட்டிய ஜேபெக் 1992-இல் உலகத் தரமாயிற்று. இன்று நம் வீட்டுக் குழந்தையின் காதுகுத்துப் படம் நொடியில் பினாங்கிலிருந்து ஜொகூர் போய்ச் சேருகிறதென்றால் அதில் இந்த மூவருக்கும் பங்கு உண்டு.

ஜேபெக்கைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தடவை தள்ளுவதில் தவறில்லை. தொல்லை எப்போது வருகிறதென்றால், தள்ளிய கணக்கையே எடுத்து மறுபடியும் தள்ளும்போது. சித்தி மகன் பாட்டியின் படத்தை வாங்கி ஓரத்தை வெட்டிச் சேமிக்கிறான். அவனிடமிருந்து வாங்கிய மாமி மகள் அதற்குப் பூமாலை போட்டுச் சேமிக்கிறாள். இன்னொருவர் கைப்பேசித் திரையையே படம் பிடித்து அனுப்புகிறார். ஒவ்வொரு தடவையும் அந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் புதிதாகத் தள்ளப்படுகின்றன. கடைசியில் பாட்டியின் கன்னத்துச் சுருக்கம் போய், மெழுகு பூசியது போல் ஆகிவிடுகிறது. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். படத்தைத் திறந்து பார்ப்பதாலோ, கோப்பை அப்படியே நகல் எடுப்பதாலோ எதுவும் குறையாது. திருத்தி மறுபடி சேமிக்கும்போதுதான் குறைகிறது.

புலனம் என்று நாம் சொல்லும் வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால், அது போகிற வழியிலேயே புள்ளியையும் குறைத்து, மறுபடியும் சுருக்கிவிடும். 2023-இல் வந்த எச்.டி. பொத்தானை அழுத்தினால் சேதம் குறையும். ஆனால் அதிலும் சுருக்கம் உண்டு. அச்சகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், கிளிப் வடிவக் குறியைத் தொட்டு, 'டாக்குமெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியாகப் படத்தை அனுப்புங்கள். அப்போது அது கோப்பில் கை வைப்பதில்லை. மூலம் மூலமாகவே போய்ச் சேரும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டுப் பழகிக்கொண்டாலே, அச்சகத்தில் "வேற படம் இல்லையா" என்ற கேள்வி முக்கால்வாசி வராது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. 2017 முதல் அந்தக் கைப்பேசிகள் ஹெய்க் என்ற புது வகையில் படத்தைச் சேமிக்கின்றன. வகை நல்லதுதான், இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் சில அச்சகக் கணினிகள் அதைத் திறக்க மறுக்கும். கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபல்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் ஜேபெக்காகவே எடுக்கும்.

சின்னத்தைச் சுற்றி வெள்ளைச் சதுரம்

மஞ்சள் பதாகை. நடுவில் கோயில் சின்னம். ஆனால் சின்னத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சதுரம், சட்டையில் ஒட்டுப் போட்டது போல. இப்படி எத்தனை பதாகைகளைச் சாலையோரம் பார்த்திருக்கிறோம்! சின்னத்தை ஜேபெக்காகக் கொடுத்ததன் பலன் அது. 'இந்த இடம் காலி, பின்னால் இருப்பது தெரியட்டும்' என்று சொல்லும் வசதி ஜேபெக்கில் கிடையாது. காலி இடத்தையும் ஏதாவது நிறத்தால் நிரப்பித்தான் ஆக வேண்டும். பி.என்.ஜி. வகையில் காலி இடத்தைக் காலியாகவே விடலாம். தவிரவும், எழுத்தும் கூர்மையான கோடும் உள்ள படத்தை ஜேபெக்காக்கினால் ஓரங்களில் கொசு மொய்த்தது போல் அழுக்குப் படரும். பி.என்.ஜி.யில் அது இல்லை.

பி.என்.ஜி. பிறந்ததற்கும் ஒரு வழக்கு உண்டு. அதற்கு முன்னால் 1987 முதல் ஜிஃப் என்ற வகை புழக்கத்தில் இருந்தது. 256 நிறத்துக்கு மேல் தாங்காது; ஆனால் அசையும். விளக்கு மினுக்கும் தீபாவளி வாழ்த்தெல்லாம் அதன் குடும்பந்தான். அதில் இருந்த சுருக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம், மென்பொருள் செய்வோர் பணம் கட்ட வேண்டும் என்று 1994 டிசம்பரில் அறிவிக்க, ஆத்திரப்பட்ட கணினிக்காரர்கள் சேர்ந்து யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லாத வகையொன்றை உருவாக்கினார்கள். 1996-இல் வெளிவந்தது. அதுதான் பி.என்.ஜி.

ஆனாலும் சின்னத்துக்கு பி.என்.ஜி. இரண்டாம் பட்சந்தான். அதுவும் அரிசிக் கோலமே. சின்னம் கோட்டுப் படமாக இருந்தால் பேனாவிலும் போடலாம், கால்பந்துச் சட்டையிலும் போடலாம், கோயில் நுழைவாயிலிலும் போடலாம். எஸ்.வி.ஜி., ஏ.ஐ., இ.பி.எஸ். ஆகியவை கோட்டுப் படக் கோப்புகளுக்கு இருக்கும் பெயர்கள். ஆலய நிர்வாகமோ பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஒருவரிடம் காசு கொடுத்துச் சின்னம் வரையும்போது, மூலக் கோட்டுப் படக் கோப்பையும் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. வரைந்தவர் ஊர் மாறிப் போனபிறகு யாரைத் தேடுவது? செயலாளர் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு அந்தக் கோப்பும் கைமாற வேண்டும்.

இங்கே ஓர் ஏமாற்று வேலையும் நடக்கிறது. ஜேபெக் படத்தையே எடுத்து பி.டி.எஃப்.புக்குள் வைத்துவிட்டு, "இதோ கோட்டுப் படம்" என்று கொடுத்துவிடுவார்கள். வாலை மாற்றினால் ஆள் மாறிவிடாது. சோதித்துப் பார்க்க வழி எளிது: திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருந்தால் கோட்டுப் படம். படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரிந்தால் அரிசி.

பெரியசாமியின் கொம்பு

திருமண அழைப்பிதழைக் கணினி தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டிலேயே அழகாக அமைத்துக் கொடுக்கிறது. அச்சகத்தில் திறந்தால் 'பெரியசாமி'யின் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. அல்லது தமிழே காணாமல் போய் ஏதேதோ ஆங்கிலக் குறிகள் வந்து நிற்கின்றன. காரணம், நம் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. அல்லது அங்குள்ள மென்பொருளில் தமிழுக்கான ஏற்பாடு திறந்து வைக்கப்படவில்லை. இதற்காக ஏற்பட்ட மருந்துதான் பி.டி.எஃப். அடோபி நிறுவனம் 1993-இல் கொண்டுவந்தது. 2008-இல் அனைத்துலகத் தரமாயிற்று. எழுத்துருவையும் உள்ளேயே கட்டி எடுத்துச் செல்லும். கோட்டுப் படம், நிழற்படம், எழுத்து மூன்றையும் ஒரே பொட்டலத்தில் வைக்கும். அழைப்பிதழை பி.டி.எஃப்.பாகக் கொடுங்கள். அச்சில் வந்த மாதிரித் தாளை வாங்கி, வீட்டில் தமிழ் நன்றாகப் படித்தவர் ஒருவரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆயிரம் அட்டை அடித்த பிறகு கொம்பைத் தேடி என்ன பயன்?

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சு மையால் நிறம் காட்டுகிறது: வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நாளிதழின் வண்ணப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்த நான்கு மையின் புள்ளிகள் தெரியும். வெளிச்சத்தில் பளபளக்கும் பச்சையும் மயில்கழுத்து நீலமும் மையில் அவ்வளவாகப் பிடிபடுவதில்லை. பட்டுப் புடவை திரையில் தெரிந்ததைவிட அட்டையில் மங்கலாக வந்தால் அச்சகத்தோடு சண்டைக்குப் போகாமல், மாதிரித் தாளிலேயே பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

இல்லாத மூக்குத்தி

இப்போது பழைய படத்தைக் கொடுத்தால் நொடியில் பளிச்சென்று ஆக்கித் தரும் செயலிகள் வந்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். தேய்ந்த முகம் தெளிவாகிறது, கறுப்பு வெள்ளை வண்ணமாகிறது, பார்ப்பவர்கள் வாய் பிளக்கிறார்கள். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். தொலைந்த புள்ளிகளை அது தேடிக் கொண்டுவருவதில்லை, தொலைந்தது தொலைந்ததுதான். முன்னால் பார்த்துப் பழகிய ஏராளமான முகங்களை வைத்து, இந்த இடத்தில் இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைகிறது. பாட்டியின் மூக்குத்தியை மச்சமென்று எடுத்து அழித்துவிடலாம்; நிழலை மூக்குத்தியாக்கிவிடலாம். பச்சை குத்திய கை வெறுங்கையாகிவிடலாம். நெற்றிச் சுருக்கம் போய், யாரோ ஓர் அழகான அம்மாள் நம் சுவரில் மாலையோடு சிரிப்பார்.

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கீறலையும் கறையையும் எடுக்க அது உதவும். என்னைக் கேட்டால், முகத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். அப்படியே விட்டாலும், பாட்டியை நேரில் பார்த்தவர் ஒருவர் "ஆமாம், இவர்தான்" என்று சொன்னபிறகு அச்சுக்குக் கொடுங்கள். மூலப் படத்தை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் அழித்துவிடாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய படங்களை வெளியே எடுங்கள். மெல்லிய உலர்ந்த துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். தண்ணீர் தொடக் கூடாது. சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் படத்தைப் பிய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள். முகத்தின் பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுக்கலாம்.

ஸ்கேன் இயந்திரத்துக்கு வழியில்லை என்றால் கைப்பேசியே போதும். படத்தை ஜன்னலோரம் நிழல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, விளக்கை அணைத்து, கைப்பேசியை நேர் மேலே பிடித்து எடுங்கள். பளிச்சிடும் ஃபிளாஷ் வேண்டாம். வழவழப்பான தாளில் வெள்ளைத் திட்டு விழும். ஒன்றுக்கு மூன்றாக எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் எடுத்தால் மூலத்தை டிஃப் அல்லது பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள். அதன் பெயரோடு 'மூலம்' என்று சேர்த்துவிடுங்கள். உறவினருக்கு அனுப்ப, மாலை போட, வெட்ட ஒட்ட, தனியாக ஒரு ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளலாம். மூலத்தின்மேல் யாரும் எதுவும் செய்யக் கூடாது. அது ஒரே இடத்திலும் இருக்கக் கூடாது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு பிரதி நம் வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டிலோ இணையக் கிடங்கிலோ இருக்கட்டும்.

படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். கைப்பேசி தானாக வைக்கும் எண்ணை எடுத்துவிட்டு, கோப்புக்கு ஆளின் பெயரையும் ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் வையுங்கள். குடும்பப் படத்தில் இடப்பக்கம் நிற்பது யார், மடியில் இருக்கும் குழந்தை யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரியம்மாவுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.